குழு பிரித்தால் போதாது, கலைக்கவும் வேண்டும்

மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் புரிந்து வாசிக்க வேண்டும் என்று மத்திய அரசின் ‘நிபுண் பாரத்’ திட்டம் வைத்த கெடு 2026–27. மும்பையின் டிராம்பே, செம்பூர் வாசகர்களின் கடிதங்களில் இதையொட்டி ஒரே கலக்கம்: “என் பிள்ளையை வாசிக்கத் தெரியாதவர்கள் குழுவில் உட்கார வைத்திருக்கிறார்கள். இது சரியா?”

குழு பிரிப்பதால் பலன் உண்டா?

உண்டு. அதற்குச் சான்று நம் மும்பையிலேயே கிடைத்தது. மாநகராட்சிப் பள்ளிகளில் பிரதம் அமைப்பு ‘பாலசகி’ திட்டத்தை நடத்தியது. அக்கம்பக்கத்து இளம்பெண் ஒருவர், பின்தங்கிய 15, 20 பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே தினமும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துச் சொல்லிக்கொடுப்பார். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் மும்பையிலும் வடோதராவிலும் இதை ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். பாலசகியிடம் போன பிள்ளைகள் தேறினார்கள். வாசிப்பைவிடக் கணக்கில் ஏற்றம் அதிகம். வகுப்பறையிலேயே இருந்தவர்களுக்கோ, கூட்டம் குறைந்தும் பலன் தென்படவில்லை. பிள்ளை நிற்கும் படியிலிருந்து பாடம் தொடங்கியதுதான் வேலை செய்தது.

இதிலிருந்து வளர்ந்த முறையில் பிள்ளையைத் தனியே உட்காரவைத்து வாசிக்கச் சொல்கிறார்கள். எழுத்தே தெரியாத நிலை, எழுத்து, சொல், பத்தி, கதை என்று ஐந்து படிகள். சொல் படியில் நிற்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே குழு. சில வாரங்களில் மறுபடி சோதனை. தேறியவர் அடுத்த குழுவுக்குப் போக வேண்டும்.

முறையின் உயிர் இந்தக் கடைசி அடியில்தான் இருக்கிறது. குழு பிரிக்க ஒரு காலைப்பொழுது போதும். வாராவாரம் கவனித்துக் கலைத்து அடுக்க, வேறு வேலைக்கு இழுக்கப்படாத ஆசிரியர் வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் படிகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டது. பெயர் எத்தனை மென்மையானாலும், ஜூனில் அரும்பில் சேர்ந்த பிள்ளை மார்ச்சிலும் அங்கேயே இருந்தால், அந்தப் பிள்ளையை ஒதுக்கிவைத்ததாகவே பொருள். ஆகவே பள்ளியில் கேளுங்கள்: என் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது, அடுத்த சோதனை எப்போது?

‘இலக்கை எட்டிவிட்டோம்’ என்ற அறிவிப்பை நம்பலாமா?

பாடம் நடத்தியவரே சோதித்துப் பதிவேற்றும் கணக்கு என்றால், அதை வெளியார் சரிபார்க்கும்வரை நம்ப வேண்டாம். வெளியிலிருந்து அளக்கும் ‘அசர்’ ஆய்வின்படி, 2024இல் நாட்டின் அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்பில் 23.4% பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார்கள். அதுவும் கிராமப்புறக் கணக்கு. டிராம்பேயின் சீட்டா கேம்ப் போன்ற நகரக் குடியிருப்புகளின் பிள்ளைகள் அதில் இல்லை. இந்த விடுபடல்தான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது.

மூன்றாம் வகுப்புக்கு நிபுண் பாரத் வைத்த ‘நிமிடத்துக்கு 60 சொல்’ என்ற அளவு தமிழுக்குப் பொருந்துமா?

விகுதிகள் ஒட்டி நீளும் தமிழ்ச் சொல்லுக்கு அப்படியே பொருந்தாது. 2022இல் நடந்த தேசிய அடிப்படைக் கற்றல் ஆய்வே மொழிக்கு மொழி தனி அளவு வைத்தது.

வாசிக்காவிட்டால் மூன்றாம் வகுப்பில் நிறுத்திவைப்பார்களா?

மாட்டார்கள். நிறுத்திவைக்க அனுமதிக்கும் 2019 கல்வி உரிமைச் சட்டத் திருத்தம் 5, 8ஆம் வகுப்புகளுக்கு மட்டுமே.

வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாதே?

பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, “என்ன நடந்தது, சொல்லு” என்று கேளுங்கள். அதற்குப் படிப்பு வேண்டியதில்லை.