பொய் எப்போது வாய்மை ஆகும்? குறளும் கௌசிகரும் காண்டும்



நன்னெறிக் கல்வியிலோ தமிழ்க் கட்டுரையிலோ ஒரு சிக்கலான சூழலைக் கொடுத்து, ‘நீ என்ன செய்வாய்? ஏன்?’ என்று கேட்டால், மாணவர்கள் பலர் எழுதுவது இதுதான்: “நான் நேர்மையாக இருப்பேன். ஏனென்றால் நேர்மை நல்ல பண்பு.” பண்பின் பெயர் சரி. காரணம் எங்கே?

ஒழுக்கம் என்பது நாம் நடக்கும் வழி. அந்த வழி ஏன் சரி என்று கேட்டுப் பார்ப்பது அறவியல். 1988இல் வகுக்கப்பட்டு 1996இல் திருத்தப்பட்ட நம் தேசியக் கல்வித் தத்துவம், அறிவு, ஆன்மிகம், உணர்வு, உடல் ஆகிய நான்கும் சமநிலையில் வளர வேண்டும் என்கிறது. அறிவும் ஆன்மிகமும் ஒரே கேள்வியில் சந்திக்கும் இடத்தைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். கேள்வி எளிது: பொய் சொல்லலாமா?

1. வள்ளுவர் வைத்த நிபந்தனை

திருக்குறளின் 30ஆம் அதிகாரம் வாய்மை. முதல் குறளிலேயே வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் சொல்லிவிடுகிறார்: யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லாத சொல்லே வாய்மை. ‘நடந்ததை நடந்தபடி சொல்வது’ என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளத்துக்கு உண்மை, வாய்க்கு வாய்மை, உடம்புக்கு மெய்ம்மை என்று தமிழில் மூன்று சொற்களைப் பிரித்துச் சொல்வது வழக்கம். வாய்மை என்பது பேச்சின் அறம்.

அடுத்த குறள் (292) தான் பலருக்கும் பிடித்தமானது. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்பது அதன் கருத்து. “பார்த்தீங்களா டீச்சர், வள்ளுவரே பொய் சொல்லலாம்னு சொல்லிட்டாரு” என்று வகுப்பில் ஒரு குரல் கேட்கும்!

அங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். ‘நன்மை’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த மாணவர் சொல்வது சரி. ஆனால் ‘குற்றமற்ற’ என்ற அடைமொழி முன்னால் நிற்கிறது. பரிமேலழகர் இதை விளக்கும்போது, கேடோ சாவோ நேர இருந்த ஓர் உயிர் அந்தப் பொய்யால் தப்பிப் பிழைப்பதையே எடுத்துக்காட்டுகிறார். வீட்டுப்பாடம் செய்யாததை மறைப்பது இந்தக் கணக்கில் வராது. அதற்கு அடுத்த குறளே (293), தன் நெஞ்சு அறிந்ததைப் பற்றிப் பொய் சொல்லாதே, சொன்னால் அந்த நெஞ்சே உன்னைச் சுடும் என்று எச்சரிக்கிறது. மூன்று குறளையும் சேர்த்துப் படித்தால்தான் கருத்து முழுமை பெறும்.

2. கௌசிகர் கதை

மகாபாரதத்தின் கர்ண பருவத்தில் கண்ணன் அர்ச்சுனனுக்கு ஒரு கதை சொல்கிறான். கௌசிகர் என்ற தவசி, உண்மையைத் தவிர வேறு பேசுவதில்லை என்று விரதம் பூண்டவர். கள்வருக்கு அஞ்சிச் சிலர் அவர் இருந்த காட்டுக்குள் ஓடி ஒளிகிறார்கள். துரத்தி வந்த கள்வர், “நீர் உண்மை பேசுபவராயிற்றே, அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள்?” என்று கேட்கிறார்கள். கௌசிகர் உள்ளதைச் சொல்லிவிட்டார். ஒளிந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். விரதத்தைக் காப்பாற்றிய கௌசிகர் நரகத்துக்குப் போனார் என்று கதை முடிகிறது.

கண்ணன் சொல்லும் முறையையும் பாருங்கள். பேசாமல் இருந்து தப்ப முடியுமானால் பேசாமல் இரு. பேசியே ஆக வேண்டும் என்றால் மட்டும் பொய் சொல்வது மேல். பொய் இங்கே கடைசி வழி.

அதே காப்பியம் இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது. துரோணரை வீழ்த்த, அசுவத்தாமன் இறந்தான் என்று தருமர் அரைகுறை உண்மை பேசியபோது, அதுவரை தரையில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிய அவருடைய தேர் தரையைத் தொட்டதாம். போரில் பயன் கிடைத்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது.

3. காண்ட் மறுக்கிறார்

இப்போது ஜெர்மனிக்குப் போவோம். தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் (1724–1804) கிட்டத்தட்ட கௌசிகரின் நிலையையே ஆராய்ந்தார். உங்கள் நண்பர் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறார்; கொலைகாரன் வாசலில் நின்று “உள்ளே இருக்கிறானா?” என்று கேட்கிறான். பிறருக்குத் தீங்கு செய்ய வருபவனுக்கு உண்மையைக் கேட்கும் உரிமை இல்லை என்று பெஞ்சமின் கான்ஸ்டன்ட் என்ற எழுத்தாளர் வாதாடினார். காண்ட் 1797இல் ஒரு கட்டுரை எழுதி அதை மறுத்தார். பதில் சொல்லாமல் தப்ப முடியாத நிலையிலும் பொய் கூடாது என்பது அவர் முடிவு.

‘என்னப்பா இது, இவ்வளவு கல் நெஞ்சா?’ என்று தோன்றும். அவருடைய காரணங்களைக் கேளுங்கள். ஒன்று, எல்லாரும் தேவைப்படும்போது பொய் சொல்லலாம் என்றால் யார் சொல்லுக்கும் மதிப்பு இருக்காது. வாக்குறுதி, ஒப்பந்தம் எல்லாம் சரிந்துவிடும். இரண்டு, பொய்யின் விளைவு நம் கையில் இல்லை. “உள்ளே இல்லை” என்று சொல்கிறீர்கள். அதற்குள் நண்பர் உங்களுக்குத் தெரியாமல் வெளியேறி அதே கொலைகாரனிடம் சிக்கினால், அந்தப் பழியில் உங்களுக்கும் பங்கு உண்டு என்கிறார்.

மற்றச் சமயங்களிலும் இந்த இழுபறி உண்டு. கிறிஸ்தவ அறிஞர் அகஸ்தீன், எந்தப் பொய்யும் பாவமே என்றார். பகைத்துக்கொண்ட இருவரைச் சமாதானம் செய்ய நல்ல சொல் சொல்பவர் பொய்யர் அல்லர் என்று இஸ்லாமிய நபிமொழி கூறுகிறது. பௌத்தத்தின் ஐந்து சீலங்களில் நான்காவது, பொய் பேசாமை.

4. நம் வீட்டில், நம் வகுப்பில்

கொலைகாரன் நம் வாசலுக்கு வரப்போவதில்லை. ஆனால் இவை வரும்:

*பள்ளிக்கு மட்டம் போட்ட நண்பன்.* “நான் வந்தேன்னு சொல்லிடு” என்கிறான். இங்கே எந்த உயிருக்கும் கேடு இல்லை. தப்புவது தண்டனையிலிருந்து மட்டும். வள்ளுவரின் நிபந்தனையும் நிறைவேறவில்லை. காண்டும் ஒப்ப மாட்டார்.

*“நல்லா எழுதியிருக்க!”* மோசமான கட்டுரைக்கு ஆசிரியர் சொல்லும் அன்பான பொய். அந்த நேரத்தில் பிள்ளை மகிழும். பிழை அப்படியே தங்கிவிடும். குறையைத் தனியே, கனிவாகச் சொன்னால் வாய்மையும் இருக்கிறது, தீங்கும் இல்லை.

*பாட்டியின் நோய்.* மருத்துவர் கடும் நோய் என்கிறார். “பாட்டிகிட்ட மட்டும் சொல்லாதீங்க” என்கிறார் மாமா. இதுதான் கடினமானது. மறைப்பது அன்பினால்தான். ஆனால் அந்தப் பொய் நோயைப் போக்காது. சிகிச்சை வேண்டுமா என்று முடிவு செய்யவும், சொல்ல வேண்டியதைச் சொந்தங்களிடம் சொல்லவும் பாட்டிக்கு இருக்கும் வாய்ப்பை அது பறிக்கக்கூடும். அப்படியானால் அது ‘குற்றமற்ற’ நன்மையா? அதற்காக முகத்துக்கு நேரே பட்டென்று சொல்வதும் தீங்கில்லாத சொல் ஆகாது. அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் கேட்டு, மெல்ல மெல்லச் சொல்வது இரண்டுக்கும் இடையே ஒரு வழி.

5. விடை எழுதும்போது

நன்னெறியில் மலாயில் எழுதினாலும், கட்டுரையில் தமிழில் எழுதினாலும், இந்த நான்கு கேள்விகளுக்குப் பதில் இருக்கட்டும்:

• என் முடிவால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீங்கு?
• தவிர்க்கப்படுவது உண்மையான கேடா, வெறும் சங்கடமா?
• மௌனம், கனிவான சொல் போன்ற வேறு வழி உண்டா?
• எல்லாரும் இப்படியே செய்தால் என்ன ஆகும்?

முதல் மூன்றும் வள்ளுவரும் கண்ணனும் கற்றுத் தருபவை. நான்காவது காண்ட் கேட்பது. எதிர்த்தரப்பின் காரணத்தை ஒரு வரியாவது எழுதிவிட்டு உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு நடவடிக்கை: வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு குழு கௌசிகருக்காகவும் மறு குழு அவரை எதிர்த்தும் பேசட்டும். பத்து நிமிடம் கழித்துப் பக்கத்தை மாற்றுங்கள். தான் எதிர்த்த கருத்துக்கே காரணம் தேடும்போது பிள்ளைகள் உண்மையாகவே சிந்திக்கத் தொடங்குவார்கள். பிறகு பாட்டியின் நோயைப் பற்றிக் கேளுங்கள். அதற்கு வகுப்பில் ஒரே விடை வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை. காரணம் வந்தால் போதும்.