ஸ்டீராய்டு மருந்தும் எலும்பும்: குடல் பாக்டீரியாவின் பங்கு என்ன?

முடக்குவாதம், ஆஸ்துமா, லூபஸ், சிறுநீரக அழற்சி முதலிய நோய்களுக்குப் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் பல மாதங்கள் தரப்படுவதுண்டு. அழற்சியை விரைந்து தணித்து உயிரையும் உறுப்புகளையும் காக்கும் மருந்து இது. ஆயினும், நீண்ட காலம் உட்கொள்ளும்போது எலும்பின் அடர்த்தியைக் குறைக்கிறது. இவ்விழப்பு முதல் 3 முதல் 6 மாதங்களில்தான் மிக வேகமாக நிகழ்கிறது. வலி ஏதும் இராது என்பதால், முதுகெலும்பு அமுங்கி உயரம் குறைந்த பின்னரே பலர் இதனை உணர்கின்றனர்.

எலும்பு ஏன் தேய்கிறது?

எலும்பு உயிருள்ள திசு. பழைய எலும்பை அரித்து நீக்கும் செல்களும், அவ்விடத்தில் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் இடையறாது பணியாற்றுகின்றன. ஸ்டீராய்டு, கட்டும் செல்களின் எண்ணிக்கையையும் ஆற்றலையும் குறைக்கிறது. உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சும் அளவு குறைகிறது. சிறுநீரில் வெளியேறும் அளவோ கூடுகிறது.

குடலுக்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு?

நமது பெருங்குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நம்மால் செரிக்க இயலாத நார்ச்சத்தை இவை புளிக்கவைத்து, பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவ்வமிலங்கள் கால்சியம் கரைந்து உறிஞ்சப்படுவதற்குத் துணைபுரிகின்றன. குடற்சுவரின் செல்களுக்கு உணவாகி அதனை உறுதியாக வைக்கின்றன. குடற்சுவர் தளர்ந்தால், பாக்டீரியாக்களின் சிதைவுக்கூறுகள் இரத்தத்தில் கலந்து அழற்சியைத் தூண்டும். அவ்வழற்சி எலும்பை அரிக்கும் செல்களுக்கு ஊக்கமளிக்கும்.

ஆய்வுகள் கூறுவது

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு கருதத்தக்கது. பிரெட்னிசோலோன் தரப்பட்ட எலிகளுக்கு எலும்பு இழப்பு ஏற்பட்டது. குடல் பாக்டீரியாக்களை ஆன்டிபயாடிக் மருந்தால் குறைத்தபோது அவ்விழப்பு தடுக்கப்பட்டது. லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி என்னும் நன்மை தரும் பாக்டீரியாவைக் கொடுத்தபோதும் அதே பலன் கிட்டியது. ஸ்டீராய்டு விளைவிக்கும் எலும்பு இழப்பில் ஒரு பகுதி குடல் வழியாகவும் நிகழக்கூடும் என்பதே இதன் பொருள். எலும்பைக் காக்க ஆன்டிபயாடிக் உண்ணலாம் என்பது அதன் பொருளன்று.

மனிதரிடத்து நிலை வேறு. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் எலும்பு அடர்த்தி குறைந்த 75 முதல் 80 வயதுடைய 90 பெண்களிடம் இதே பாக்டீரியா ஓராண்டு சோதிக்கப்பட்டது. 2018-இல் வெளியான முடிவின்படி, அதனை உட்கொண்டோரின் கீழ்க்கால் எலும்பில் இழப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளிலுள்ள 239 பெண்களிடம் ஈராண்டுகள் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில் அப்பலன் காணப்படவில்லை. எனவே, புரோபயாடிக் மாத்திரைகள் எலும்பு மருந்துக்கு மாற்றாகா.

நோயாளிகளும் குடும்பத்தாரும் செய்யத்தக்கவை

• ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்தலாகாது. நீண்ட நாள் உண்டவர்களுக்கு உடல் தானே சுரக்கும் ஹார்மோன் குறைந்திருக்கும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

• நாள்தோறும் 2.5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பிரெட்னிசோலோனை 3 மாதங்களுக்கு மேல் உண்ண வேண்டியிருப்பின், எலும்புப் பாதுகாப்பைப் பற்றி மருத்துவரிடம் தொடக்கத்திலேயே கேளுங்கள். டெக்ஸா பரிசோதனை, கால்சியம், வைட்டமின் டி, தேவையெனில் எலும்பு மருந்து ஆகியவற்றை அவர் முடிவு செய்வார்.

• கேழ்வரகு, பயறு வகைகள், கீரை, காய்கறி, தயிர் ஆகியவற்றை அன்றாட உணவில் சேருங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் உண்டு; நார்ச்சத்தும் உண்டு. ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை உயர்த்தக்கூடும் என்பதால் கேழ்வரகுக் கஞ்சியில் சர்க்கரை, வெல்லம் சேர்க்க வேண்டாம். சிறுநீரக நோயுள்ளோர் உணவு ஆலோசகரின் சொற்படி உண்க.

• ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால், மருத்துவரைக் கேளாமல் புரோபயாடிக் மாத்திரைகளை வாங்கி உண்ணாதீர்கள்.

• இயன்ற அளவு நடைப்பயிற்சி செய்யுங்கள். வீட்டில் விழாதிருக்கக் குளியலறைத் தரையை ஈரமின்றி வையுங்கள். இரவில் சிறு விளக்கு எரியட்டும்.

• திடீர் முதுகுவலியோ உயரக் குறைவோ தோன்றினால் அடுத்த முறை வரும்வரை காத்திராமல் உடனே தெரிவியுங்கள்.

குடல் பாக்டீரியாவைப் பற்றிய ஆய்வுகள் வருங்காலத்தில் புதிய சிகிச்சைகளைத் தரக்கூடும். இன்றோ, நல்ல உணவு எலும்புக்குத் துணை. மருத்துவர் தொடக்கத்திலேயே அளிக்கும் பாதுகாப்பே அதற்கு அரண்.