அரிவாளில் படியும் செம்பு

திண்டிவனம் பக்கத்துத் தோட்டமொன்றில், பயிரைக் கெடுக்கும் பூசண நோய்க்குப் போர்டோ கலவை தயாரிக்கும் விவசாயி, ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும் ஒரு கிலோ சுண்ணாம்பை வேறு 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்கிய பின்னர், துருப் போகத் தேய்த்த அரிவாளின் நுனியைச் சற்று நேரம் அதில் அமிழ்த்தி எடுத்துப் பார்ப்பார். பளபளப்பான இரும்பின்மேல் செந்நிறப் பூச்சு படிந்திருக்குமாயின், அடங்காத துத்தம் எஞ்சியிருக்கிறது, தெளித்தால் இலை கருகும் என்றறிந்து, பூச்சுப் படியாத பக்குவம் வரும்வரை சுண்ணாம்புப் பால் சேர்ப்பார்.

அந்தச் செந்நிறம் அசல் செம்பேயாகும். மயில்துத்தம் செம்பின் உப்பு. இரும்பு அதில் தோய்ந்தவுடன், இரும்பணுக்கள் தம் எலக்ட்ரான்களைச் செம்புக்கு ஈந்துவிட்டுக் கரைசலில் இறங்க, அவற்றைப் பெற்ற செம்பு உலோக வடிவெய்தி வெளியே படிகிறது. இதனை இடப்பெயர்ச்சி வினை என்பர் ரசாயன சாஸ்திரிகள். எலக்ட்ரானை எளிதில் விடுவது முதலாக அரிதில் விடுவது ஈறாகப் பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, ஈயம், செம்பு, வெள்ளி, தங்கம் என உலோகங்களை நிரல்படுத்தியதே வினைத்திறன் வரிசை. மேல் ஸ்தானத்து உலோகம் கீழ் ஸ்தானத்து உலோகத்தை அதன் உப்பிலிருந்து வெளியேற்ற வல்லது. போர்டோ கலவையை இரும்புத் தொட்டியிலோ துத்தநாகம் பூசிய வாளியிலோ தயாரிக்கலாகாது, மண், மரம், பிளாஸ்டிக் பாத்திரங்களே தகும் என்ற விதி இதனால் எழுந்ததே.

ஐந்து திசைகளில் பாதை பிரியும் விழுப்புரம் சந்திப்பு போன்ற இடங்களில் தண்டவாளங்களை இருந்த இடத்திலேயே பற்றவைக்கும் தெர்மிட் முறையிலும் இந்த நியதியே ஆட்சி செலுத்துகிறது. இரும்பு ஆக்ஸைடையும் அலுமினியத் தூளையும் மூசையிலிட்டுத் தீமூட்டினால், மேல் ஸ்தானத்து அலுமினியம் ஆக்ஸிஜனைக் கவர்ந்துகொள்ள, விடுபட்ட இரும்பு 2000 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருகி, இரு தண்டவாளங்களின் இடைவெளியை நிரப்பி இறுகுகிறது. ஜெர்மானியரான ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895-இல் காப்புரிமை பெற்ற முறை இது.

ஆக்ஸிஜனை அத்தனை உறுதியாகப் பற்றும் இயல்பினாலேயே, 1886-இல் ஹால், ஹெரூல்ட் என்னும் விஞ்ஞானிகள் மின்சாரத்தால் பிரித்தெடுக்கும் வரை அலுமினியம் விலையேறிய பொருளாயிருந்தது. அதைப் பிரிக்கச் செலவான சக்தியே மூசையில் வெப்பமாகத் திரும்புகிறது.

ஆகவே, மாணவர் பரீட்சைக்கென்று மனனம் செய்யும் இவ்வரிசையை, ஆசிரியர்கள் ஓர் இரும்பாணியும் சிறிது துத்த நீரும் கொண்டு கண்ணெதிரே நிரூபித்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் எந்த மருந்துக்கு எந்தப் பாத்திரம் ஆகாது என்பதைத் தாமே யோசித்துத் தகப்பனாருக்குச் சொல்லும் பிள்ளைகள் நம் கிராமங்களில் உருவாவார்கள்.