விதை எண்ணெயும் குருதி உறைவும்

எண்ணெய் என்னும் சொல்லை எள் + நெய் எனப் பிரித்துக் காட்டுவர் அறிஞர். எள்ளின் நெய்க்கு உரிய அப்பெயர் காலப்போக்கில் கடலை, ஆமணக்கு முதலியவற்றின் நெய்க்கும் பொதுப்பெயராயிற்று. பின்னர் எள்ளின் நெய் 'நல்லெண்ணெய்' எனச் சிறப்புப் பெயர் பெற்றது. உணவாகவும் மருந்தாகவும் எண்ணெயைப் போற்றிய மரபு நம்முடையது. அம்மரபு மார்பகப் புற்றுநோயுற்ற பெண்ணுக்கு எவ்வளவில் துணை செய்யும், எவ்விடத்தில் ஊறு விளைக்கும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

உறைதலின் இயல்பு

காயம் பட்டவிடத்துக் குருதி உறைவது உயிர்காக்கும் செயலாகும். முதலில் குருதித் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் காயத்தை அடைக்கின்றன. பின்னர் ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் வலைபோற் படர்ந்து அவ்வடைப்பை உறுதியாக்குகின்றன. காயமின்றியே காலின் ஆழ்சிரையில் இவ்வுறைவு தோன்றுமாயின் அது நோயாகும். அவ்வுறைவின் துண்டு பெயர்ந்து நுரையீரலை அடையின் உயிருக்கே இறுதி நேரலாம்.

புற்றுநோய்க்கும் குருதி உறைவுக்கும் உள்ள உறவைப் பாரிஸ் நகர மருத்துவர் துரூசோ 1865இல் எடுத்துரைத்தார். புற்றணுக்கள் உறைதலைத் தூண்டும் பொருள்களை வெளியிடுகின்றன. அறுவை மருத்துவம், வேதிமருந்து, நெடுநேரம் அசையாதிருத்தல் ஆகியன இவ்வாபத்தை மேலும் பெருக்குகின்றன.

மாத்திரையும் உறைவும்

அடையாற்றில் 1954இல் தோன்றிய புற்றுநோய் மருத்துவ நிலையத்திலோ, புதுச்சேரி ஜிப்மரிலோ மருத்துவம் பெற்றுக் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பும் பெண்ணை எண்ணிப் பார்ப்போம். ஹார்மோன் சார்ந்த கட்டியாயின், பலருக்கு டாமோக்சிஃபென் மாத்திரை ஐந்தாண்டோ அதற்கு மேலுமோ தரப்படுகிறது. நோய் மீண்டும் வாராமற் காப்பதில் இம்மருந்தின் பயன் பெரிது. எனினும் இது உறைவு வாய்ப்பைக் கூட்டுகிறது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நோய் வரும் வாய்ப்பு மிகுந்த 13,388 பெண்களிடம் நடத்தப்பெற்று 1998இல் வெளியான ஆய்வில், இம்மாத்திரை உண்டோரிடம் நுரையீரல் உறைவடைப்பு சுமார் மூன்று மடங்காகக் காணப்பட்டது. ஆயினும் அது ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்ந்தது. நோயுற்றோர்க்கு இவ்வாய்ப்பு இதனினும் மிகும். எனவே மாத்திரையை நிறுத்துதல் தீர்வாகாது. விழிப்புடன் இருத்தலே தீர்வாகும்.

எண்ணெய்களின் எல்லை

'எண்ணெய் குருதியை இளக்கும். ஆகவே உறைவு வாராது' என்பார் உளர். இதனைப் பகுத்துணர்தல் வேண்டும். மீனெண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு குருதித் தட்டுகளின் ஒட்டுந்தன்மையை ஓரளவு குறைக்கிறது. ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கு மேற்பட்ட பகுதி தாவர ஒமேகா-3 ஆகும். அதில் மிகச் சிறு பங்கையே நம் உடல் மீனெண்ணெயின் வகையாக மாற்றுகிறது. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் இக்கொழுப்பு ஏறக்குறைய இல்லை எனலாம். மேலும் ஆழ்சிரை உறைவில் தட்டுகளினும் ஃபைப்ரின் இழைகளே மேலோங்கியவை. ஆதலால் விதை எண்ணெயை நம்பி உறைவைத் தடுக்க இயலாது.

விதை வேறு, எண்ணெய் வேறு என்பதும் கருதத்தக்கது. கனடாவின் டொராண்டோ நகர ஆய்வர் 2005இல் வெளியிட்ட சிற்றாய்வில், நாள்தோறும் 25 கிராம் ஆளிவிதை உண்ட பெண்களின் கட்டியணுப் பெருக்கம் குறைந்தது. அவ்விதையிலுள்ள லிக்னான் என்னும் பொருள் பிழிந்த எண்ணெயில் பெரும்பாலும் தங்குவதில்லை.

கருஞ்சீரகத்தின் சிறப்பை நபிகள் நாயகம் (ஸல்) மொழிந்ததாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. மருத்துவம் நாடுமாறு பணித்ததும் அப்பெருமானாரே. கருஞ்சீரகத்தின் தைமோகுவினோன் ஆய்வுக்கூட அணுக்களில் நம்பிக்கை அளித்திருப்பினும், அது மனிதரின் புற்றுநோய்க்கு மருந்தென நிறுவப்படவில்லை.

வார்ஃபரின் போன்ற உறைவெதிர் மருந்து உண்போர் எண்ணெய் மாத்திரைகளைத் தாமாகச் சேர்த்தால் குருதிக் கசிவு நேரலாம். சோயா எண்ணெயிலோ வார்ஃபரினின் ஆற்றலைக் குறைக்கும் வைட்டமின் கே மிகுதி. ஆகவே உண்பதனைத்தையும் மருத்துவரிடம் கூறுதல் கடன்.

நாம் செய்யத்தக்கன

இவற்றினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. கால் வீங்கினால் விளக்கெண்ணெயைச் சூடாக்கி உருவிவிடுதல் நம் இல்லங்களின் வழக்கம். மார்பகப் புற்றுநோயுற்றவரின் ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்து, சூடுங்கண்டால் அதனை உருவுதல் கூடாது. உருவினால் உறைவு பெயர்ந்து நுரையீரலுக்குச் செல்லக்கூடும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலிற் குருதி ஆகியன கண்டால் நொடியும் தாழ்க்காது 108ஐ அழைத்தல் வேண்டும்.

கல்வராயன் மலையின் சிற்றூர்களில் வாழ்வோர்க்கு இது மேலும் பொருந்தும். வெள்ளிமலையைக் கடந்து உட்சென்ற ஊர்களிலிருந்து சமவெளி மருத்துவமனையை அடையவே நெடும்பொழுது செல்லும். வீட்டு மருந்தில் கழியும் ஒரு நாள் அவர்க்கு ஓர் உயிரின் விலையாகலாம். மாவட்டம் 2019இல் உருவாகி, 2022இல் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது. அங்கு உரிய காலத்தில் சென்று சேர்தல் நம் கையில் உள்ளது. நெடும்பயணத்தின் இடையிடையே எழுந்து நடப்பதும், நீர் அருந்துவதும் நலம்.

நல்லெண்ணெய் நம் சமையலறையில் என்றும் இருக்கட்டும். அதனை உணவாகப் போற்றுவோம். உறைவுக்கு மருந்தென மயங்காதிருப்போம். இச்செய்தியை மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்துப் பெண்டிர்க்கு எடுத்துரைப்பாராயின், கற்ற கல்வியின் பயன் அதுவேயாகும்.