நிலவுக்கு அஞ்சி இறங்கும் உயிர்கள்

"மிதவை உயிரிகள் இருட்டியதும் மேலே வந்து, விடியுமுன் ஆழத்துக்குப் போய்விடுமாமே! சூரியனே உதிக்காத இடத்தில் என்ன செய்யும்?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கும் பிடித்த கேள்வி.

அன்றாடப் பயணத்தின் கதை பலருக்கும் தெரியும். இரண்டாம் உலகப் போரின்போது கலிஃபோர்னியாக் கடலில் சோனார் சோதனை செய்தவர்களுக்குச் சில நூறு மீட்டர் ஆழத்தில் பொய்யான ஒரு தரை தட்டுப்பட்டது. அது இரவில் மேலேறுவதை 1945-இல் மார்ட்டின் ஜான்சன் காட்டிய பிறகே, அது உயிர்க்கூட்டம் என்பது உறுதியானது. இரை மேலே இருக்கிறது. பகலில் போனால் மீன் கண்ணில் பட்டுவிடும். அதனால்தான் இந்த ஏற்ற இறக்கம்.

ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டு தீவுகளில் குளிர்காலத்தில் ஏறக்குறைய நான்கு மாதம் சூரியன் தலைகாட்டாது. அப்போதும் பயணம் நிற்பதில்லை. கடலுக்குள் இறக்கிவைத்த ஒலிக்கருவிகளின் பதிவுகளை ஆராய்ந்து, கிம் லாஸ்ட் குழுவினர் 2016-இல் ஓர் அதிசயத்தை வெளியிட்டனர். பயணத்தின் சுற்று 24 மணியிலிருந்து 24.8 மணிக்கு மாறியிருந்தது. அது நிலவின் ஒரு நாள்! நிலவு ஏறினால் இவை இறங்குகின்றன. 29.5 நாளுக்கு ஒருமுறை, முழுநிலவையொட்டி, பெருங்கூட்டம் 50 மீட்டர் ஆழத்துக்குப் போய்விடுகிறது. நிலவொளியிலும் வேட்டையாடும் கண்கள் உண்டே!

அந்தக் கடலில் குளிர்காலத்திலும் சுறுசுறுப்பாகத் திரியும் மெட்ரிடியா லாங்கா என்ற மிதவை உயிரியைப் பாருங்கள். நீளம் சுமார் 4 மில்லிமீட்டர். தலையில் இரண்டு நீண்ட உணர்கொம்புகள். சீண்டினால் நீல ஒளியை உமிழும்.

இவ்வளவு நுட்பமாக இருளை அளக்கும் உயிர்கள் மேல் நாம் ஒளிவிளக்கைப் பாய்ச்சுகிறோம். இரவில் விளக்கைப் போட்டதும் எங்கள் பழைய வீட்டு அடுக்களையில் கரப்பான்கள் சிதறி ஓடும். துருவ இரவில் ஒரு கப்பலின் வேலை விளக்குகள் எரிந்தபோது, 200 மீட்டர் ஆழம் வரை மீன்களும் மிதவை உயிரிகளும் அப்படித்தான் நிலைகுலைந்தன என்று 2020-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

பனி உருக உருக அந்தக் கடலில் கப்பல்கள் பெருகுகின்றன. மேலே தின்று ஆழத்தில் கழிக்கும் இந்த உயிர்கள், கார்பனைக் கீழே கொண்டுசேர்த்து நமக்கும் உதவுகின்றன. புகையையும் எண்ணெய்க் கசிவையும் மாசு என்று ஏற்றுக்கொண்ட நாம், தேவையில்லாமல் எரியும் விளக்கையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மற்ற மாசுகளைப் போல இதை அள்ளவோ வடிகட்டவோ வேண்டியதில்லை; அணைத்தாலே போதும்.