ஐவர் ஒருவராகும் களம்

இரவு வெகுநேரம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, முகமறியாத யாருடனோ பேசிக்கொண்டே கணினித் திரையில் மகன் சுட்டுக்கொண்டிருக்கிறான் என்று வருந்தும் பெற்றோர் இன்று பலர். அவர்தம் கவலை நியாயமானதே. எனினும் ஒன்றைக் கண்டிக்கும் முன் அது யாதென அறிந்துகொள்வது நம் கடமையன்றோ? இணையவழிப் போர் விளையாட்டுகளுள் பழமையும் புகழும் வாய்ந்த ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம்.

1999-ஆம் ஆண்டில் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்னும் இருவர், ‘ஹாஃப் லைஃப்’ என்ற கணினி விளையாட்டை மாற்றியமைத்துக் ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’கை உருவாக்கினர். அதன் புதிய பதிப்பு 2023-இல் வெளிவந்தது. அதன் முதன்மையான போட்டியில் அணிக்கு ஐவர். ஓர் அணி, குறிக்கப்பட்ட இரண்டு இடங்களுள் ஒன்றில் வெடிகுண்டை வைக்க முயலும். மற்ற அணி அதைத் தடுக்க முயலும். ஒரு சுற்றில் வீழ்ந்தவன் அச்சுற்று முடியும்வரை ஆட முடியாது. 13 சுற்றுகளை முதலில் வெல்லும் அணி வாகை சூடும். 12-க்கு 12 எனச் சமநிலை வந்தால் மட்டுமே விதி வேறு.

குறி தவறாது சுடுபவனே வெல்வான் என்று நாம் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. வைத்த குண்டு 40 வினாடிகளில் வெடித்துவிடும். அதைச் செயலிழக்கச் செய்ய 10 வினாடிகள் வேண்டும். அதற்குரிய கருவி இருப்பின் 5 வினாடிகள் போதும். அந்நேரம் முழுவதும் குனிந்திருப்பவனால் சுட இயலாது. தன்னைக் காக்கத் தோழன் நிற்கிறான் என்ற நம்பிக்கையில்தான் அவன் குனிகிறான்.

எதிரி காத்திருக்கும் இடத்திற்குள் முதலில் நுழைபவன் பெரும்பாலும் வீழ்வான். அவனை அடியொற்றி வருபவன் அக்கணமே எதிரியை வீழ்த்தினால் இழப்பு ஈடாகும். அஞ்சிப் பின்தங்கினாலோ முன்சென்றவனின் துணிவு வீணாகும். பணமும் அவ்வாறே. ஒவ்வொருவர் கையிலும் ஆட்டப் பணம் உண்டு. அதைக் கொண்டே ஆயுதம் வாங்க வேண்டும். ஒருவன் மட்டும் விலையுயர்ந்த துப்பாக்கி வாங்கி, மற்ற நால்வரும் வெறுங்கையராய் நிற்பின் பயனில்லை. எனவே ஐவரும் ஒரு சுற்றில் சிக்கனம் பிடித்து, அடுத்ததில் ஒருங்கே வாங்குவர். மிகுதியாக வைத்திருப்பவன் இல்லாதவனுக்கும் வாங்கிக் கொடுப்பான்.

பேச்சிலும் கட்டுப்பாடு வேண்டும். எதிரி எங்கே, எத்தனை பேர் என்பதை இரண்டொரு சொற்களில் கூறிவிட்டு வாய்மூட வேண்டும். ஏனெனில் எதிரியின் காலடி ஓசையைக் கேட்டே பல சுற்றுகள் வெல்லப்படுகின்றன. தோற்ற ஆத்திரத்தில் தோழனை ஏசுபவன், அவன் செவியையும் அடைத்து, அணியையும் தோற்கடிக்கிறான்.

இவையெல்லாம் நற்பண்புகளே. ஆயினும் இவ்விளையாட்டு கற்பிக்காதவை சில உண்டு. இங்கே மாண்டவன் அடுத்த சுற்றில் எழுந்து வருவான். மெய்யான போரில் மாண்டவன் வாரான், அவன் அன்னை ஆயுள் முழுதும் அழுவாள். இங்கே வீழ்த்தப்படுபவன் ஒரு மனிதன் என்ற நினைவே எழுவதில்லை. முன்பின் அறியாத ஐவரை இயந்திரம் ஒன்றுசேர்க்கும்போது, ஆட்டம் முடிந்தபின் ஒருவர்க்கொருவர் பொறுப்பும் இல்லை. கூசாமல் வசைபாடும் வழக்கம் இதனால் வளர்கிறது. 2012-இல் வந்த பதிப்பை 17 வயது நிறைந்தோர்க்கே உரியதென அமெரிக்கத் தரமதிப்பீட்டு வாரியம் வகுத்ததையும் பெற்றோர் கருத்தில் கொள்ள வேண்டும்.

அன்புப் பெற்றோரே, சிறுவரிடமிருந்து இதை விலக்கி வையுங்கள். வளர்ந்த மகனிடமோ, ஒருநாள் அருகில் அமர்ந்து, “உன் அணியில் உன் பணி என்ன?” என்று கேளுங்கள். அவன் ஆர்வத்தோடு விளக்குவான். பின்னர், குனிந்திருக்கும் தோழனுக்குக் காவல் நிற்கத் தெரிந்த அவனிடம், அடுக்களையில் தனித்து உழைக்கும் தாய்க்கும், பாடம் புரியாது விழிக்கும் தங்கைக்கும் துணைநிற்கச் சொல்லுங்கள். உறங்கும் நேரத்தையும் அவனோடு கலந்தே வரையறுங்கள். களத்தில் கற்றதை அவன் இல்லத்தில் கைக்கொள்வானாயின், அந்த விளையாட்டால் விளைந்த நன்மை அதுவேயாகும்.