கழிக்குமுன் கழற்றிப் பாருங்கள்

நெசவாளரும் விவசாயிகளும் படிக்கும் இவ்விதழில் கடலில் ஓடும் இயந்திரத்தைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். நாம் செய்யவிருந்த ஒரு பிழையை ஒப்புக்கொள்வதற்காகவே எழுதுகிறோம். அப்பிழை எந்தச் சங்கத்திலும் நேரக்கூடியது.

நாகப்பட்டினத்திற்குத் தெற்கே, கடலோரச் சிற்றூர் ஒன்றிலுள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் இருப்புகளைச் சரிபார்க்கச் சென்றிருந்தோம். கிடங்கின் மூலையில், கிழிந்த வலைகளின் அடியில், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் அவுட்போர்டு மோட்டார் ஒன்று கிடந்தது. இரண்டு மழைக்காலங்களாக அதை யாரும் தொடவில்லை. 'உபயோகமற்றது' என்று நிர்வாகக் குழு தீர்மானம் போட்டிருந்தது. கழித்து ஏலமிடலாம் என்று எழுத நாமும் பேனாவை எடுத்துவிட்டோம்.

அப்போது முதிய அங்கத்தினர் ஒருவர், "ஐயா, நாடி பார்க்காமலே செத்துப்போனதாக எழுதலாமா?" என்று கேட்டார். அவருடைய மகன் அந்த இயந்திரத்தோடு கடலுக்குச் சென்று, அது சூடேறிப் புகைந்து நின்றுவிட, பக்கத்துப் படகின் கயிற்றைப் பிடித்துக் கரை சேர்ந்தவன். அன்றிலிருந்து ஊரார் அதை ராசியற்ற இயந்திரம் என்று ஒதுக்கிவிட்டனர். ராசியைப் பழித்தார்களே தவிர, அது ஏன் சூடேறிற்று என்று எவரும் கேட்கவில்லை.

நாம் பேனாவை மூடினோம். மறுநாள் மெக்கானிக் ஒருவர் வந்தார். கிளப்பும் கயிற்றை இழுத்துப் பார்த்து, அழுத்தம் குறையவில்லை, மேற்பகுதி நலமே என்றார். நோய் கீழே இருந்தது.

கீழ்ப்பகுதியின் அமைப்பு

1909ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் என்பவர் இவ்வகை இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் அடிப்படை அமைப்பு இன்றளவும் பெரிதும் மாறவில்லை. மேலே எஞ்சின், அதிலிருந்து கீழே இறங்கும் செங்குத்தான தண்டு, நீருக்குள் மூழ்கியிருக்கும் கியர்ப் பெட்டி. தண்டின் சுழற்சியை அப்பெட்டியிலுள்ள பற்சக்கரங்கள் திசை மாற்றி விசிறிக்குக் கொடுக்கின்றன. அதே தண்டின் இடையில் சிறிய தண்ணீர்ப் பம்பு ஒன்றும் உண்டு. கடல்நீரை மேலே ஏற்றி எஞ்சினைக் குளிர்விப்பது அதன் வேலை.

எண்ணெய் சொல்லும் செய்தி

எதைத் தொடுமுன்னும் ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். விசிறியைக் கையால் சுற்றும்போது எஞ்சின் உயிர் பெற்றால் விரல்கள் போய்விடும்.

கியர்ப் பெட்டியின் பக்கவாட்டில் மேலும் கீழுமாக இரண்டு திருகுகள் உள்ளன. இரண்டையும் திறந்தால் பழைய எண்ணெய் வடியும். கறுத்திருந்தால் பழையது என்று பொருள். பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. கையில் உலோகத் துணுக்குகள் அகப்பட்டால் பற்கள் உடைந்திருக்கின்றன. நமது இயந்திரத்தில் முதலில் சிறிது நீரும், பின்னர் வெளுத்த எண்ணெயும் வந்தன. துணுக்கு ஏதும் இல்லை.

நீர் எவ்வழியே புகுந்தது? விசிறியைக் கழற்றியதும் விடை கிடைத்தது. அறுந்த தங்கூசி நரம்பு தண்டைச் சுற்றி இறுகி, இரப்பர் சீலை அறுத்திருந்தது. நாடாவின் முனை பிசிறினால் பாவு இழை அறுவதை நெசவாளர் அறிவர். இங்கே ஒரு முழம் நரம்பு செய்த வேலையும் அத்தகையதே. விசிறியை அவ்வப்போது கழற்றிப் பார்த்திருந்தால் சீல் பிழைத்திருக்கும்.

மூன்று இறக்கைகள் எங்கே?

அடுத்து, கீழ்ப்பகுதியையே பிரிக்க வேண்டும். உப்பேறிய போல்ட்டுகள் அசையவில்லை. இங்கே அவசரம் ஆகாது. மெக்கானிக் துருநீக்கும் எண்ணெயிட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் இளஞ்சூடு காட்டி, மெல்லத் தட்டி, முன்னும் பின்னுமாகத் திருப்பி எடுத்தார். வலுவைக் காட்டியிருந்தால் போல்ட்டின் தலை முறிந்து, செலவு பன்மடங்காயிருக்கும். கியர் மாற்றும் கம்பியின் இணைப்பையும் விடுவித்த பின்னர் பெட்டி கீழே இறங்கியது.

வயற்காட்டுப் பம்பின் இம்பெல்லர் பெரும்பாலும் உலோகம், இதுவோ இரப்பர். மையம் விலகிய குடுவைக்குள் இது சுழல்கிறது. அகன்ற பக்கத்தில் இறக்கைகள் விரிந்து நீரை வாங்கும். குறுகிய பக்கத்தில் மடங்கி அதை மேலே தள்ளும். நீரே இதற்கு எண்ணெய். நீரின்றிச் சிறிது நேரம் ஓட்டினாலும் இரப்பர் கருகிவிடும். நெடுநாள் சும்மா கிடந்தாலோ, மடங்கிய இறக்கைகள் மடங்கியபடியே விறைத்துப்போகும்.

குடுவையைத் திறந்தபோது மூன்று இறக்கைகளைக் காணவில்லை. புதிய இம்பெல்லரை உடனே பொருத்த நாம் அவசரப்பட்டோம். மெக்கானிக் தடுத்தார். காணாமற்போன துண்டுகள் நீர்வழியில் எங்கேனும் அடைத்துக்கொண்டிருக்கும். அவற்றை எடுக்காவிட்டால் புதிய பம்பும் பயன்படாது என்றார். தேடியதில் மூன்றும் குழாயில் உப்போடு உப்பாகச் சிக்கியிருந்தன. அவனைக் கடலில் நிறுத்தியவை அந்த இரப்பர்த் துண்டுகளே.

பூட்டும் முறை

புதிய இம்பெல்லரின் மேல் சோப்பு நீரைத் தடவி, தண்டைச் சுழற்றியபடியே குடுவையை அழுத்த வேண்டும். பெரும்பாலான இயந்திரங்களில் மேலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளின் திசையே சரியான திசை. அப்போதுதான் இறக்கைகள் முறையாக மடங்கும். அடித்தகடு கோடு விழுந்து தேய்ந்திருந்தால் அதையும், கேஸ்கெட்டையும் மாற்றிவிட வேண்டும். பெட்டியை ஏற்றும்போது தண்ணீர்க் குழாய் தன் துளையில் உட்கார்ந்ததா என்று பார்ப்பது முக்கியம். போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தடவினால் அடுத்த முறை தொல்லையில்லை.

சீலை மாற்றிய பின், தயாரிப்பாளர் குறிப்பிடும் கியர் ஆயிலைக் கீழ்த்துளை வழியாக ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே தங்கிவிடும். மேல்துளையில் குமிழியின்றி எண்ணெய் வழிந்ததும் முதலில் மேல்திருகை மூடி, அதன்பின் கீழ்த்திருகை மூட வேண்டும். திருகின் வாசர்கள் புதியனவாக இருக்கட்டும். இச்சிறு இயந்திரத்திற்கு அரை லிட்டருக்கும் குறைவான எண்ணெயே போதும்.

பெட்டியின் வெளியே உள்ள துத்தநாகக் கட்டி, அலுமினியத்தை உப்புநீர் அரிக்காதபடி தானே கரைந்து காப்பது. அது பாதிக்குமேல் கரைந்தால் மாற்றுக. அழகுக்காக அதன்மேல் வர்ணம் பூசுவது அறியாமை.

பீப்பாயில் சோதனை

நன்னீர் நிறைந்த பீப்பாயில் இயந்திரத்தை இறக்கிக் கிளப்பினோம். சில நொடிகளில் பக்கத் துளையிலிருந்து நீர் தாரையாகப் பீய்ச்சிற்று. அதைக் கண்ட முதியவர் ஒன்றும் பேசவில்லை. கையை நீட்டி அந்நீரை ஏந்தினார். மறுநாள் கீழ்த்திருகைச் சற்றே தளர்த்திப் பார்த்தோம். எண்ணெய் தெளிவாக இருந்தது. அதன் பிறகே இயந்திரம் கடலுக்குச் சென்றது. அவர் மகனே ஓட்டிச் சென்றான்.

நமக்கு என்ன பாடம்?

மாற்றியவை ஓர் இம்பெல்லர், ஒரு சீல், சில வாசர்கள், கொஞ்சம் எண்ணெய், அவ்வளவே. இவற்றுக்காக அங்கத்தினரின் பங்குப் பணத்தில் வாங்கிய சொத்தைப் பழைய இரும்பு விலைக்கு விற்க இருந்தோம். எல்லாருக்கும் உரிய பொருளுக்குப் பொறுப்பாளர் ஒருவரும் இல்லாமற்போனதே மூலகாரணம். 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, படகு கட்டுவதோடு இவ்வகை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பணியையும் மேற்கொண்டது. வாங்கித் தருவதோடு கடமை முடிவதில்லை என்பதை அது உணர்ந்திருந்தது.

அச்சங்கம் இப்போது ஒவ்வோர் இயந்திரத்திற்கும் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. எண்ணெய் மாற்றிய நாள், அதன் நிறம், இம்பெல்லர் மாற்றிய நாள், பொறுப்பாளர் கையொப்பம் ஆகிய நான்கே பத்திகள். கடலிலிருந்து திரும்பியதும் நன்னீரில் சிறிது நேரம் ஓட்டி உப்பைக் கழுவுவதும், ஆண்டுக்கொரு முறை இம்பெல்லரை மாற்றுவதும் விதியாகிவிட்டன.

உங்கள் சங்கத்தின் பம்பு செட்டுக்கும், மருந்து தெளிப்பானுக்கும், பாவு ஓட்டும் இயந்திரத்துக்கும் அத்தகைய குறிப்பேடு உண்டா? அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இக்கேள்வியை எழுப்புங்கள். 'உபயோகமற்றது' என்ற தீர்மானம் வந்தால், 'திறந்து பார்த்தவர் யார்?' என்று கேளுங்கள். நாமும் இனி அதைக் கேட்ட பிறகே பேனாவைத் திறப்போம்.